பாலாற்று மணலுக்கு எந்தப் பழைய வண்டி?

வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கத்தில் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி என்றால் உயிரை விடுகிற ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு மட்டும் தார் ரோடு போதாது. மண்ணில் இறக்க வேண்டும், திருப்பத்தில் பின்சக்கரம் சறுக்க வேண்டும், மேட்டில் ஏறி இரண்டு சக்கரமும் தரையை விட வேண்டும். பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்கும் அதே ஆசைதான், இன்றுவரை குறையவில்லை. "மண்ணுக்கு எந்தப் பழைய வண்டி எடுக்கலாம் அண்ணா?" என்று தம்பிகள் அடிக்கடி கேட்பார்கள். பெரும்பாலும் யமஹா ஆர்எக்ஸ்100 என்ற பதிலை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். என் பதில் கொஞ்சம் வேறு.

மண்ணில் ஓட்டவென்றே செய்த நிஜமான டர்ட் பைக் அந்தக் காலத்தில் நம் ஊர்க் கடைகளுக்கு வரவே இல்லை. 1968இல் யமஹா டிடி-1 வந்ததும் அமெரிக்காவில் காட்டிலும் பாலைவனத்திலும் ஓட்டுவது சாதாரண ஆட்களின் கைக்கு எட்டியது. 1973இல் ஹோண்டா எல்சினோர் சிஆர்250எம் வந்தது. நமக்கு அதெல்லாம் பத்திரிகைப் படம்தான். இன்றைக்கு வெளிநாட்டிலிருந்து பழைய வண்டியைக் கொண்டுவர விதிகளும் கடுமை, வரியும் சேர்ந்தால் கட்டுப்படியாகாது. ஆக, கையில் இருப்பவை ரோட்டுக்காகச் செய்த வண்டிகள். அவற்றில் எதை மண்ணுக்கு மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதுதான் கேள்வி. பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், ஓட்டப் போகிற மண்ணைப் பார்த்து முடிவு செய்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நம் பக்கத்து மண் மூன்று ரகம். ஒன்று பாலாறு. வருஷத்தில் பெரும்பாலான நாள் தண்ணீர் இல்லாத ஆறு. சில இடத்தில் கணுக்கால் புதைகிற மணல், மணல் அள்ளிய இடத்தில் குண்டும் குழியும், அடியில் இறுகிய களிமண். இரண்டாவது, கோடையில் வற்றிப்போன ஏரிகள். வெடித்துக் காய்ந்த வண்டல், பலகை மாதிரி கெட்டி. மழை பெய்த மறுநாள் அதே ஏரி வழுக்கித் தள்ளும். மூன்றாவது, மலையடிவாரத்துச் சரளைப் பாதைகள்; பாறைப் பொடியும் உருளைக் கல்லும் கலந்தவை. இதில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அமிர்தியிலும் ஜவ்வாது மலையிலும் காப்புக்காடு நிறைய இருக்கிறது. பாதை தெரிகிறதே என்று உள்ளே வண்டியை விடக் கூடாது. வழக்கு வரும், அதைவிட முக்கியமாக அங்கே வாழ்கிற உயிர்களுக்குத் தொல்லை. ஆறு, ஏரி என்றாலும் ஊர்க்காரர்களைக் கேட்டு, ஆடு மாடு மேயாத நேரம் பார்த்து இறங்குவதுதான் முறை. மூன்று ரகத்துக்கும் பொதுவான எதிரி சீமைக் கருவேல முள். டயர் எவ்வளவு விலையானாலும் அது பார்க்காது.

இனி வண்டிகளுக்கு வருகிறேன்.

ஆர்எக்ஸ்100 1985இல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி வழியாக வந்தது, 1996இல் நின்றது. 98 சிசி, 11 பிஎச்பி, எடை சுமார் 100 கிலோ. எண்ணாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. மண்ணில் அதன் பலம் அந்த 100 கிலோதான். பாலாற்று மணலில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விட்டாலும் முன்சக்கரம் உழ ஆரம்பிக்கும். ஹேண்டில் இடமும் வலமும் பிடுங்கும். அந்த நேரத்தில் உடம்பைப் பின்னால் தள்ளி, முன்பக்கத்தை லேசாக்கி, திருகலை விடாமல் பிடித்தால் வண்டி மறுபடி மேலே எழும்பும். 100 கிலோ வண்டிக்கு இந்த வைத்தியம் உடனே பலிக்கும். 140 கிலோ வண்டி என்றால் நீங்கள் பின்னால் சாய்ந்து முடிப்பதற்குள் சக்கரம் அச்சு வரை இறங்கியிருக்கும். உள்ளே போன பெட்ரோல் கலவையைத் திரும்பி வரவிடாத ரீட் வால்வு இருப்பதால் கீழ் வேகத்திலும் இழுவை அறுந்து போகாது. ஆயிலுக்குத் தனி டேங்கும் பம்ப்பும் இருப்பதால் பெட்ரோலில் கலக்கிற வேலையும் இல்லை.

இவ்வளவு நல்லது இருந்தும், முழுசாக, ஒரிஜினல் பாகங்களோடு இருக்கிற ஆர்எக்ஸ்100ஐ மண்ணுக்கு வெட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாணியம்பாடியில் ஒரு மெக்கானிக் பாய் கடையில் நான் இருந்தபோது, ஒருவர் அப்படி ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பின்பக்கத்தை அறுத்து, மண் ரோட்டுக்கு ஏற்ற ஸ்க்ராம்ப்ளர் மாதிரி செய்யச் சொன்னார். பாய் டேங்கைத் துடைத்தார், சேஸிஸ் நம்பரைத் தடவிப் பார்த்தார், "இன்னா சார், கம்பெனி பெயின்ட்டே இன்னும் கீது. இதைப் போய் அறுக்கச் சொல்றீங்களே" என்று சொல்லிவிட்டு ரம்பத்தை எடுக்கவே இல்லை. வந்தவரும் வண்டியைத் திருப்பி எடுத்துப் போனார். பாய் செய்தது சரி. இப்படி மிச்சமிருக்கிற வண்டிகள் வருஷத்துக்கு வருஷம் குறைகின்றன, நல்ல வண்டி லட்சத்தைத் தாண்டி விலை போகிறது. ஒருமுறை அறுத்த சேஸிஸை மறுபடி ஒரிஜினல் ஆக்க முடியாது.

அதே குடும்பத்தில் ஆர்எக்ஸ்135 இருக்கிறதே, அதைப் பாருங்கள். பிஸ்டன் ஓட்டம் இரண்டிலும் ஒன்றே, 50 மில்லிமீட்டர். போர், அதாவது சிலிண்டரின் உள் அகலம் மட்டும் 50இலிருந்து 58 ஆகி 132 சிசி ஆகிறது. மண்ணில் இந்தக் கூடுதல் சிசி நன்றாகவே தெரியும். 2005 வரை வந்ததால் கிடைப்பதும் கொஞ்சம் சுலபம், பெயரின் மவுசும் குறைவு. பேனல் உடைந்தது, டேங்க் நசுங்கியது, இண்டிகேட்டர் இல்லாதது, இப்படி ஒரு 135ஐ எடுத்தால் எந்தப் பழம்பொருளையும் கெடுத்த பாவம் இல்லை. நாலு கியர், அஞ்சு கியர் என்று இரண்டு ரகம் உண்டு. ஏரி மண்ணில் வேகமாகப் போகிறவருக்கு அஞ்சு கியர். மணலுக்கு நாலு கியரே போதும்.

மாற்றும் வேலையில் எங்கே காசு போட வேண்டும் என்பதிலும் எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. நிறையப் பேர் முதலில் சைலன்சரில் கை வைப்பார்கள், எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்கிற வயிறு பெருத்த பந்தயக் குழாய் போட்டு சத்தத்தை ஏற்றுவார்கள். அது சக்தியை மேல் வேகத்துக்குத் தள்ளிவிடும். கீழே ஒன்றும் இருக்காது; திடீரென்று கயிறு அறுத்த காளை மாதிரி பாயும். மணலில் இப்படிப்பட்ட இன்ஜின் பின்சக்கரத்துக்குக் குழி தோண்டத்தான் உதவும். கம்பெனி சைலன்சரைக் கழற்றி, உள்ளே படிந்த கரியை எரித்துச் சுத்தம் செய்து மறுபடி போட்டாலே வண்டி மூச்சுவிடும். அந்தக் காசில் பின் ஸ்ப்ராக்கெட்டில் நாலைந்து பல் கூட்டுங்கள். டாப் ஸ்பீடு குறையும், குறையட்டும், ஆற்றில் நூறில் போகிறவர் யாரும் இல்லை. அகலமான, குறுக்குக் கம்பி வைத்த ஹேண்டில் பார். குமிழ் குமிழாக ரப்பர் துருத்திய பட்டன் டயர். முன் மட்கார்டை உயர்த்தியே ஆக வேண்டும்; ஈர ஏரி மண் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பி, பத்தடி போவதற்குள் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும்.

முன் ஃபோர்க்கை மாற்றும்போதுதான் பல வண்டிகள் கெடுகின்றன. ஹீரோ இம்பல்ஸ் ஃபோர்க்கும் 21 அங்குல ரிம்மும் முன்னால் போட்டுவிட்டு, பின்னால் பழைய ஷாக்கையே விட்டுவிடுகிறார்கள். முன்பக்கம் மட்டும் தூக்கினால் ஃபோர்க் சாய்வு கூடி வண்டி திரும்பவே மாட்டேன் என்னும். முன்னால் எவ்வளவு ஏற்றுகிறோமோ அதற்கு ஈடாகப் பின்னாலும் ஏற்ற வேண்டும். பின்னால் ஏற்றினால் பின்சக்கரத்தைப் பிடிக்கிற ஸ்விங் ஆர்மின் கோணம் மாறும், செயின் லூஸையும் மறுபடி பார்க்க வேண்டும். இதைப் புரிந்துகொண்டு செய்கிற மெக்கானிக் கிடைக்கவில்லை என்றால் பழைய ஃபோர்க்கிலேயே ஆயிலும் சீலும் மாற்றி, ஸ்பிரிங்கை மட்டும் கொஞ்சம் இறுக்கி ஓட்டுவது மேல்.

ஏர் ஃபில்டரை மறந்துவிடாதீர்கள். நம் ஏரித் தூசி மாவு மாதிரி நைசானது. ஆயில் நனைத்த ஃபோம் ஃபில்டர் இல்லாமல் ஒரு கோடை ஓட்டினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிடும். அப்புறம் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர், ஓவர்சைஸ் பிஸ்டன் என்று செலவுதான்.

யெஸ்டிக்கு வருகிறேன். மனசைக் கேட்டால் எனக்கு யெஸ்டிதான். காரணம் வம்சம். யெஸ்டியைச் செய்த மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலை செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கப்பட்டது. ஜாவாவும் சிஇசட்டும் அந்த நாட்டில் ஒரே குடும்பமாக நடந்தவை. அந்த சிஇசட் வண்டியில்தான் பெல்ஜியத்தின் ஜோயல் ராபர்ட் 1964இல், 20 வயதில், மேடு பள்ளமான மண் தடத்தில் நடக்கும் மோட்டோகிராஸ் பந்தயத்தில் 250 சிசி உலகப் பட்டம் வென்றார். 1966இல் கிழக்கு ஜெர்மனியின் பால் ஃப்ரீட்ரிக்ஸ் 500 சிசி பட்டத்தை சிஇசட்டில் வென்றபோது, அந்தப் பிரிவில் டூ ஸ்ட்ரோக் ஒன்று ஜெயித்தது அதுவே முதல்முறை. 67, 68 பட்டங்களும் அவருக்கே. அதுவரை கனமான ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளின் ராஜ்ஜியமாக இருந்த விளையாட்டை மாற்றிய கூட்டத்தில் சிஇசட்டும் ஒன்று. நம் யெஸ்டி ரோட்கிங் பந்தய வண்டி இல்லைதான். ஆனால் அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் எனக்கு அந்த வரலாறும் சேர்ந்து கேட்கும்.

மனசைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. 248.5 சிசி, 16 பிஎச்பி. 65 மில்லிமீட்டர் போருக்கு 75 மில்லிமீட்டர் ஓட்டம், அதாவது நீண்ட ஸ்ட்ரோக். அதனால் மெதுவாக, விடாமல் இழுக்கும். சரளைப் பாதையில், ஏற்றத்தில், முதல் இரண்டு கியரில் டக் டக் என்று ஏறிப்போவதற்கு இதைவிட இனிமையான பழைய இன்ஜின் நம் ஊரில் இல்லை. கியர் லிவரை அசைத்தாலே கிளட்ச் தானாக விடும் அமைப்பு, இடது கை ஓய்ந்துபோன நேரத்தில் பெரிய உபகாரம். குறை என்று பார்த்தால் எடை 140 கிலோவுக்குக் குறையாது. இருபுறமும் தாழ்வாக ஓடும் இரட்டை சைலன்சர் கல்லில் அடிபடும். கிக்கரும் கியர் லிவரும் ஒன்றே என்பதால், சரிவில் வண்டி நின்றுவிட்டால் லிவரைத் திருப்பி உதைத்து, மறுபடி இடத்துக்குக் கொண்டுவந்து கியர் போடுவதற்குள் கால் தடுமாறும். மணலில் இறக்கவே வேண்டாம். ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறுகிற மலை ரோடும், நடுநடுவே வருகிற மண் கிளைப்பாதைகளும் உங்கள் ஆசை என்றால் யெஸ்டி எடுங்கள். எதையும் அறுக்காமல், டயரும் ஹேண்டில் பாரும் மட்டும் மாற்றுங்கள். கழற்றியதைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள்.

புல்லட்டைப் பற்றியும் கேட்பார்கள். ஜானி பிரிட்டன் 1952இலும் 1957இலும் ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் டிரையலை என்ஃபீல்டில் ஜெயித்தது உண்மை. அது டிரையல்ஸ், காலை ஊன்றாமல் மெதுவாகப் பாறை தாண்டுகிற கலை. மோட்டோகிராஸுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. மேலும் அந்தப் பந்தய வண்டி வேறு, நம் வீட்டு வாசலில் நிற்கிற புல்லட் வேறு. ராஜ்தூத் 175 போலந்தின் எஸ்எச்எல் வண்டியிலிருந்து வந்தது. பால்காரர்கள் கேன் கட்டி ஓட்டிய உறுதி அதற்கு உண்டு, துள்ளல் கிடையாது. ஓசூரில் செய்த சுசுகி ஷோகன் நல்ல வேகமான வண்டி, மண் பந்தயக்காரர்களுக்குப் பிடித்ததும்கூட, ஆனால் ஸ்பேர் தேடியே வாழ்நாள் போகும். எண்பதுகளில் நம் ராணிப்பேட்டையில் என்ஃபீல்டு செய்த ஃப்யூரி 175, ஜெர்மனியின் சுண்டாப் வண்டியைத் தழுவியது. அது எங்காவது கிடைத்தால் தயவுசெய்து மண்ணில் இறக்காதீர்கள். நம் மாவட்டத்துச் சரித்திரம் அது. அப்படியே காப்பாற்றி வையுங்கள்.

இப்போது குதிப்பதைப் பற்றி. பழைய வண்டி ஆசைக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இதில் இருக்கிறது. அறுபதுகளின் மோட்டோகிராஸ் வண்டிகளில் பின்னால் இரட்டை ஷாக். சக்கரம் மேலும் கீழும் அசைகிற தூரம் சுமார் 100 மில்லிமீட்டர்தான். 1973இல் ஹாகன் ஆண்டர்சன் யமஹாவின் ஒற்றை ஷாக் வண்டியில் 250 சிசி பட்டம் வென்றார். அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் எல்லாக் கம்பெனிகளும் அந்தத் தூரத்தை இரண்டு மடங்காக்கின. இன்று செல்போனில் பார்க்கிற பெரிய தாவல்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. நம் ஆர்எக்ஸ், யெஸ்டி இரண்டும் அதற்கு முந்தைய காலத்து அமைப்பு. ஆகவே அறுபதுகளின் ஆட்கள் ஓட்டிய மாதிரி ஓட்ட வேண்டும்: தாழ்வான மேடு, இரண்டு சக்கரமும் ஒரு முழம் எழும்பினால் போதும், பின்சக்கரம் முதலில் தரை தொட வேண்டும், திருப்பத்தில் காலை நீட்டிச் சறுக்கிப் போக வேண்டும். இப்படி ஓட்டினால் இந்த வண்டிகள் கொடுக்கிற சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆள் உயரத்துக்குத் தாவினால் ஸ்டியரிங் தலைக்குக் கீழே சேஸிஸ் விரியும், பின்சக்கர ஸ்போக் தெறிக்கும், அதற்குள் உங்கள் முதுகெலும்பும் பதில் சொல்லியிருக்கும்.

உயரத் தாவத்தான் வேண்டும் என்கிறவருக்கு நான் பழைய வண்டியைச் சொல்லவே மாட்டேன். 2019இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200ஐ எடுத்துப் பாருங்கள். முன்னால் 190, பின்னால் 170 மில்லிமீட்டர் அசைவு, 21 அங்குல முன்சக்கரம், 220 மில்லிமீட்டர் தரை இடைவெளி. எடை 154 கிலோ இருந்தாலும் சஸ்பென்ஷன் அதைத் தாங்கிவிடும். திங்கட்கிழமை காலை அதே வண்டியில் காட்பாடி ஸ்டேஷனுக்கும் போகலாம், ஸ்பேர் பக்கத்திலேயே கிடைக்கும். 2015இல் பாலைவனமும் மலையும் கடக்கிற டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியர் சி.எஸ். சந்தோஷ் ஹீரோவின் ராலி அணியிலும் ஓட்டியவர். அந்த அனுபவத்தின் ஒரு துளி இந்த வண்டியில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. கவாசாகியின் கேஎக்ஸ் மாதிரி முழு மோட்டோகிராஸ் வண்டி ஏழெட்டு லட்சம் ஆகும், ரோட்டில் ஓட்டப் பதிவும் கிடைக்காது. பந்தயத்தையே வாழ்க்கையாக எடுக்கிறவருக்கு அது.

ஆக, மணலும் ஏரியும், வாரம் ஒருமுறை காலை ஓட்டம், பழைய டூ ஸ்ட்ரோக் வாசனை இல்லாமல் முடியாது என்றால் உடம்பு உடைந்த ஆர்எக்ஸ்135. மலைப்பாதை, நிதானம், வரலாறு என்றால் யெஸ்டி. குதிக்க வேண்டும், அல்லது வீட்டில் ஒரே ஒரு வண்டிக்குத்தான் இடமும் பணமும் என்றால் எக்ஸ்பல்ஸ். வீட்டில் அப்பாவின் ஒரிஜினல் ஆர்எக்ஸ்100 நிற்கிறது என்றால் அது அப்படியே நிற்கட்டும். மண்ணுக்கு வேறு வாங்குங்கள்.

எந்த வண்டியானாலும் ஏப்ரல், மே பகலில் ஓட்டாதீர்கள். வேலூர் வெயிலில் காற்றால் ஆறுகிற டூ ஸ்ட்ரோக் இன்ஜின் மணலில் மெதுவாக, பாரத்தோடு ஓடும்போது சீஸ் ஆவது, அதாவது சூட்டில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்வது சுலபம். விடிகிற நேரம், அல்லது மார்கழி, தை. இப்போது பங்க்கில் வருகிற எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ட்யூபையும் சீலையும் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். பூட்ஸ் விஷயத்தில், ஆம்பூர்த் தோல் வேலை உலகத்துக்கே போகிறது என்பது நமக்குப் பெருமை. இருந்தாலும் மோட்டோகிராஸுக்குத் தோல் மட்டும் போதாது. கணுக்கால் முறுக்கிக்கொள்ளாமல் பிடிக்கிற கெட்டித் தகடு வைத்த பூட்ஸ்தான் வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை கொஞ்சம். சைலன்சரைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து எக்சாஸ்ட் துவாரம் வழியாகப் பிஸ்டன் பக்கத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் இருந்தால் அந்த இன்ஜின் ஒருமுறையாவது சீஸ் ஆனது. சூடான பிறகும் வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்தால் கிராங்க் ஆயில் சீல் போய் கியர் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம். ஸ்டியரிங் தலைக்கு அடியிலும் ஸ்விங் ஆர்ம் போல்ட்டுக்குப் பக்கத்திலும் புது பெயின்ட் மட்டும் பளபளத்தால், அடியில் வெல்டிங் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

பேப்பர்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று காட்டி ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். 20 வருஷம் தாண்டிய இருசக்கர வண்டிக்குப் புதுப்பிப்புக் கட்டணம் மட்டும் 2,000 ரூபாய். 50 வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டியை 2021 விதிப்படி 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். ஆனால் அப்படிச் செய்தால் தினசரி ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லை, கண்காட்சிக்கும் ராலிக்கும் மட்டும்தான். லைட்டும் இண்டிகேட்டரும் கழற்றிய மண் வண்டியை ரோட்டில் ஓட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போகாதீர்கள். குட்டி யானையில் ஏற்றிப் போனால் போலீஸ் பிரச்சினையும் இல்லை, திரும்பி வரும்போது அடிபட்ட வண்டியைத் தள்ளவும் வேண்டாம். "ஆர்.சி. தொலைந்துவிட்டது, அப்புறம் வாங்கித் தருகிறேன்" என்கிறவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். மற்றவர்களிடம் கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து, ஆர்டிஓவில் பெயர் மாறிய பிறகு மீதியைக் கொடுங்கள்.